மாத்திரை தங்கும் நேரம்

மாத்திரை இறங்கிவிட்டது. இல்லை, இறங்கவில்லை, நெஞ்சுக்கு நடுவில் எங்கேயோ குறுக்கே படுத்திருக்கிறது, எச்சிலை விழுங்கினால் அசைகிறது. மணி ஏழு பத்து. சிஸ்டர் கொடுத்தது இரண்டு மடக்குத் தண்ணீர், இதற்குமேல் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார், அதிலும் ஒரு மடக்கு உதட்டோரம் வழிந்து கழுத்துக்குள் போய்விட்டது. என் வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும். தாடை இரண்டு இடத்தில் உடைந்து ஒன்பது நாள் ஆகிறது. தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வரைக்கும் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், பல்வலிக்காரி போல. இன்றைக்கு ஆபரேஷன். எலும்பைச் சேர்த்து வைத்துவிட்டு, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிடுவார்களாம். நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம். அதுவரை வாய் திறக்காது. திறக்காவிட்டால் போகட்டும், பேசாமல் இருந்துவிடலாம், கஞ்சித் தண்ணியைப் பல்லிடுக்கில் உறிஞ்சிக்கொண்டு இருந்துவிடலாம், அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். மயக்கம் தெளிந்ததும் எனக்கு வாந்தி வரும். எனக்கு வராமல் யாருக்கு வரும். பூட்டின வாய்க்குள் அது வந்தால் எங்கே போகும். மூக்குக்கு ஏறும், மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், அரை மயக்கத்தில் திரும்பிப் படுக்கக்கூடத் தெரியாமல் கிடப்பேன், அவ்வளவுதான், தவமணியின் பெண்டாட்டி சண்முகக்கனி வாந்தி எடுத்துச் செத்தாள் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரித்தாலும் சிரிப்பார்கள். அது வராமல் தடுக்கத்தான் இந்த மாத்திரை. எட்டு பத்து வரைக்கும் இது உள்ளே தங்க வேண்டும். ஒரு மணி நேரம். அதற்குள் வாந்தி வந்தால் வாந்திக்கான மாத்திரை வாந்தியோடு போய்விடும். இதை நினைக்கக் கூடாது. இதை நினைத்தால் வரும். வேறு நினை. வேறு என்ன இருக்கிறது நினைக்க.

ரெஹானா டாக்டரை நினைக்கலாம். மயக்க டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது, நேற்று மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர் நின்றபடியே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி எலும்பைப் பற்றிப் பேசினார், தகடு என்றார், கம்பி என்றார், போய்விட்டார். ரெஹானா டாக்டர் நாலு கேள்வி கேட்டார். முதல் கேள்வியைக் கேட்காமலே எழுதிக்கொண்டார், பெண் என்று. இரண்டாவது, சிகரெட் பிடிப்பீர்களா என்று. இவர் பக்கத்திலிருந்து சிரித்துவிட்டார், என் வீட்டுக்காரர். டாக்டர் சிரிக்கவில்லை, கேட்க வேண்டிய கேள்விதான் அக்கா, புகை பிடிக்கிறவர்களுக்கு ஏனோ வாந்தி கம்மியாக வருகிறது என்றார். மூன்றாவது, பஸ்ஸில் போனால் வாந்தி வருமா, முன்னால் ஏதாவது ஆபரேஷன் ஆகி அப்போது வந்ததா. நான் பேனாவை வாங்கி எழுதினேன், பேசினால் குழறுகிறது, எழுதினது ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. அவர் முழுவதையும் படித்தார். நாலாவதை அவரே சொன்னார், ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்குப் பலமான ஊசி போட வேண்டியிருக்கும், அந்த ஊசியும் வாந்தியைக் கிளப்பும் என்று. அப்புறம் விரலை மடக்கினார். "நாலுக்கு நாலு வாங்கிட்டீங்கக்கா. ஒண்ணுமே குடுக்காம விட்டா இப்படி இருக்கிற நூறு பேர்ல எம்பது பேருக்கு வாந்தி வரும்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், வந்தால் செத்துப்போவேன் என்று குழறினேன். அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நான் கையை விட்டிருப்பேன். "வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா வந்த பிறகு விரட்டுறதை விட, வர்றதுக்கு முன்னாடியே வழிய மறிச்சு நிக்கலாம்" என்றார். எப்படி மறிப்போம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாத்திரை. தூங்கினதும் ஒரு ஊசி. முடிகிற நேரத்தில் இன்னொன்று. மூச்சில் இழுக்கிற மயக்க வாயு வேண்டாம், அது குமட்டலைக் கூட்டும், நரம்பு வழியாகவே மருந்தை ஓடவிட்டுத் தூங்க வைக்கலாம். ரத்தம் வயிற்றுக்குள் இறங்கினாலும் குமட்டும், அதனால் தொண்டையில் துணி அடைத்து வைப்போம், கம்பி கட்டுவதற்கு முன்னால் எடுத்துவிடுவோம். நாற்பத்தொரு வருஷத்தில் என் வாந்தியைப் பற்றி ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் போன பிறகு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், தாடை வலித்தது, இருந்தும் அழுதேன்.

ஏழு இருபத்திரண்டு. பன்னிரண்டு நிமிஷம் போயிருக்கிறது. இவர் கால்மாட்டில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது நாளாக இப்படித்தான். திட்டினால்கூட நன்றாக இருக்கும், வாய் திறக்க முடியாதவளை எப்படித் திட்டுவது என்று இருக்கிறாரோ என்னவோ. இல்லை, அவருக்கும் அந்தப் பஸ்தான் ஓடிக்கொண்டிருக்கும். என் தங்கச்சி கோவில்பட்டியில் வீடு கட்டிப் பால்காய்ப்பு வைத்திருந்தாள். நான் வரவில்லை, நீங்களும் பிள்ளையும் போய்விட்டு வாருங்கள் என்றேன். ஒரு மணி நேரப் பயணம்தானே, கூடப்பிறந்தவள் வீட்டு விசேஷத்துக்கு வராமல் இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். பிள்ளைக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்று, பாலிதீன் பை மூன்று, காலையில் வெறும் வயிறு. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இவர் இரண்டு சீட் முன்னால். கல்யாணம் ஆனதிலிருந்து பஸ்ஸில் இவர் எனக்கு இரண்டு சீட் முன்னால்தான், முதல் வருஷம் இவர் புதுச்சட்டையில் வாந்தி எடுத்துவிட்டேன், அதிலிருந்து. அதற்காக நான் கோபப்பட்டதில்லை, என் பக்கத்தில் உட்கார எனக்கே பிடிக்காது. சாத்தூர் வரைக்கும் தாக்குப்பிடித்தேன். சாத்தூர் தாண்டினதும் முன் சீட்டுக்காரர் ஆரஞ்சு உரித்தார். முதல் பை முடிந்தது, இரண்டாவது பையில் ஓட்டை, மூன்றாவதைப் பிரிக்க நேரமில்லை, பக்கத்திலிருந்த பெண் சேலையை இழுத்துக்கொண்டு ஐயோ என்றாள், அவள் மேல் படக் கூடாதே என்று தலையை வெளியே நீட்டினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரோட்டோரம் கருவேல விறகு ஏற்றின லாரி ஒன்று நின்றிருந்ததாம், பஸ் அதை ஒட்டிப் போனதாம், கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு விறகு. தலையில் பட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும், தாடையோடு போனது என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஏதோ எனக்கு லாபம் மாதிரி. வாந்திதான் தாடையை உடைத்தது. இப்போது மிச்சத்தையும் முடிக்க வருகிறது. ஆரஞ்சு வாசம். ஏன் இப்போது ஆரஞ்சு வாசம் வருகிறது, இங்கே யாரும் உரிக்கவில்லை, பக்கத்துக் கட்டில்காரம்மா தூக்குவாளியைத் திறக்கிறார், சாம்பார், சாம்பாரும் டெட்டாலும், மூக்கால் மூச்சு விடாதே, வாயால் விடு, வாய்தான் திறக்கவில்லையே.

ஊர்ப்பெயர் சொல்லிப் பார்ப்போம். எனக்கு மனசு படபடத்தால் நான் அதைத்தான் செய்வேன். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பதினான்கு வருஷமாக மைக்கில் அறிவிப்புச் சொல்கிறேன், டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு ஃபேன், ஒரு மைக். பயணிகளின் கவனத்திற்கு. பஸ்ஸில் ஏறாமல் பஸ்ஸோடு வாழ்கிற வேலை, எனக்கு வேண்டித்தானே அமைந்தது என்று நினைத்துக்கொள்வேன். சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி செல்லும் பேருந்து. வேண்டாம், அந்த வழி வேண்டாம், அது அந்த லாரி நின்ற வழி. மேற்கே போ. சிவகாசி, திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி. ராஜபாளையம் தாண்டினால் வளைவு, பஸ் சாய்கிறது, டீசல் புகை, சீட்டு ரெக்ஸின் வெயிலில் காய்ந்த வாசம், யாரோ தலையில் வாடின மல்லிகை, நிறுத்து, நிறுத்து. வழக்கமாக இது என்னைக் காப்பாற்றும், இன்றைக்கு இதுவே பஸ்ஸாகிவிட்டது. வாயில் எச்சில் ஊறுகிறது. இந்த எச்சிலை எனக்குத் தெரியும், இது சாதாரண எச்சில் இல்லை, தண்ணி மாதிரி, நாக்குக்கு அடியிலிருந்து பொங்குவது, இது வந்தால் இரண்டு நிமிஷத்தில் அது வரும். விழுங்கு. மறுபடியும் விழுங்கு. இருபத்துமூன்று வயதில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து கண் முழித்தபோது முதலில் வந்தது இந்த எச்சில்தான். அப்புறம் ஒன்றரை நாள். ஒவ்வொரு தடவை குமட்டும்போதும் தையல் போட்ட இடத்தைக் கத்தியால் திறப்பது போல இருக்கும், இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொள்வேன், பச்சைத் தண்ணி வரும், அதற்குப் பிறகு ஒன்றும் வராது, ஒன்றும் வராமலே வரும். எல்லாருக்கும் வர்றதுதாம்மா, கொஞ்சம் பொறுத்துக்கணும் என்று அந்த நர்ஸ் சொன்னார். மாமியார் வாசலில் நின்று, இவள் ஒன்றுக்குப் பத்து பண்ணுகிறாள் என்று இவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மகள் நிவேதா வயிற்றில் இருந்தபோது ஏழாவது மாசம் வரை வாந்தி. குளுக்கோஸ் ஏற்றி ஏற்றிக் கையில் நரம்பு கிடைக்காமல் போனது. பிறந்தபோது பிள்ளை இரண்டு கிலோகூட இல்லை. அப்போதும் அதேதான் சொன்னார்கள், எல்லாப் பொம்பளையும் பெறத்தானே செய்கிறாள். நானும் அப்படியே நம்பினேன், என்னிடம்தான் ஏதோ பலவீனம், மனசைக் கட்டத் தெரியவில்லை, மற்றவர்களால் முடிவது என்னால் முடியவில்லை. நேற்று அந்தப் பெண் விரலை மடக்கி எண்ணும்வரைக்கும் எனக்குத் தெரியாது, எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு விஷயம் அது என்று. எச்சில் அடங்கிவிட்டது. ஏழு முப்பத்தாறு.

சிஸ்டர் வருகிறார். கைவளையல், மூக்குத்தி, கொலுசு எல்லாம் கழற்றியாச்சா என்று பார்க்கிறார். பச்சை கவுன். இவர் அவரிடம் ஏதோ கேட்கிறார், சிஸ்டர் ஏதோ சொல்கிறார், எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது, விழுந்த பாதி போதும். ரெஹானா டாக்டர் இன்றைக்கு இந்தத் தியேட்டரில் இல்லை. அவசரப் பிரசவக் கேஸ் ஒன்றுக்குப் பிரசவ வார்டு கட்டடத்துக்குப் போய்விட்டார். பெரிய மயக்க டாக்டர் பார்ப்பார். என் கை தானாக சிஸ்டரின் கோட்டைப் பிடிக்கிறது. அவருக்குத் தெரியுமா. குழறுகிறது. மறுபடியும் கேட்கிறேன். தெரியுமா அவருக்கு, என்னைப் பற்றி. கேஸ் ஷீட்டில் எல்லாம் எழுதியிருப்பாங்க என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டுப் போகிறார். எழுதியிருப்பார்கள். இருக்கிறது என்று சொல்லவில்லை, எழுதியிருப்பார்கள் என்றார். எழுதின காகிதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. தென்காசி வண்டி ரத்து என்று டைம் ஆபீசில் சீட்டு எழுதுவார்கள், அது டீ கிளாசுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், நான் மைக்கில் வண்டி வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பேன், ஜனங்கள் வெயிலில் நிற்பார்கள். இவரைப் பார்த்தேன். போய்க் கேளுங்கள் என்று கையைக் காட்டினேன். போனார். நிமிஷத்துக்கு நிமிஷம் கடிகாரம் பார்த்தேன். திரும்பி வந்து, பாத்துக்கிடுவாங்களாம் கனி என்றார். பாத்துக்கிடுவாங்க. குடல்வால் ஆபரேஷனுக்கு முன்னாலும் அதைத்தான் சொன்னார்கள். பஸ் ஏறும்போதும் இவர் அதைத்தான் சொன்னார், பாத்துக்கிடலாம் வா. யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த மனுஷன் வருவார், அவசரத்தில் இருப்பார், இன்றைக்கு ஆறு கேஸ் இருக்கும், நான் நாலாவதோ முதலாவதோ, வாயுவைத் திறந்துவிடுவார், நான் தூங்கிப்போவேன், தூங்கினவள் எப்படிச் சொல்வாள். இவர் சட்டைப்பையில் பேனா இருந்தது. உருவிக்கொண்டேன். காகிதம் வேண்டாம். இடது கையைத் திருப்பி முழங்கைக்குக் கீழே, வெளுப்பாக இருக்கிற பக்கத்தில் எழுதினேன். தோலில் பால்பாயிண்ட் வழுக்குகிறது, ஒரே எழுத்தை மூன்று தரம் இழுக்க வேண்டியிருந்தது. எனக்கு வாந்தி கட்டாயம் வரும். நாலுக்கு நாலு. ரெஹானா டாக்டரைக் கேட்கவும். இடம் தீர்ந்துவிட்டது. மணிக்கட்டில் இன்னும் ஒன்று எழுதினேன், மாத்திரை 7.10. எழுதி முடித்து நிமிர்ந்தபோது இவர் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. 'வ' ஒரு இடத்தில் சரியாக விழவில்லை, பேனாவை வாங்கி அதை அவரே திருத்தினார்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், தள்ளுகிறவரிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. படுக்க வைத்துத் தலைப்பக்கமாகத் தள்ளுகிறார். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, மல்லாந்து கிடந்தபடி பின்பக்கமாகப் போக வேண்டும் என்று. கூரையில் ட்யூப்லைட் ஒன்று வந்து போகிறது, அடுத்தது, அடுத்தது, திருப்பத்தில் சக்கரம் கிறீச்சிட்டுத் திரும்புகிறது, வயிறு திரும்பாமல் அங்கேயே நிற்கிறது. கண்ணை மூடினேன், மூடினால் இன்னும் மோசம், இருட்டு சுற்றுகிறது, திறந்தேன், ட்யூப்லைட். இவர் பக்கத்தில் நடந்து வருகிறார், என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு வருகிறார், வேறு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை போல. லிஃப்ட். உள்ளே நாலு பேர், ஒருவர் மேல் பீடி வாசம், கதவு மூடியதும் தரை ஒரு குலுக்குக் குலுக்கி மேலே இழுத்தது. எச்சில் வந்தது. அதே எச்சில். விழுங்கினேன், விழுங்கின இடத்திலேயே எதிரே ஒன்று கிளம்பி வந்தது, வயிறு ஒரு தடவை உள்ளே போய் முதுகைத் தொட்டது. வேண்டாம். கடவுளே வேண்டாம், இன்னும் பத்து நிமிஷம். நெஞ்சைத் தாண்டிவிட்டது. தொண்டை. புளிப்பு, கசப்பு, சூடு, ஒரு மடக்குத் தண்ணி இப்படிக் கொதிக்குமா. அதில் மாத்திரை இருக்கிறதா, கரைந்துவிட்டதா, பாதி கரைந்ததா, தெரியாது, எதுவாக இருந்தாலும் அது என்னுடையது, விட மாட்டேன். உதட்டை இறுக்கினேன், உடைந்த எலும்பு இரண்டும் ஒன்றோடொன்று உரசி காது வரைக்கும் மின்னல் அடித்தது. நாக்கின் மேல் வந்து நின்றது. மூன்று விநாடி இருக்கும். அந்த மூன்று விநாடியில் எனக்குள் என்ன ஓடியது என்று கேட்டால், ஒன்றும் ஓடவில்லை, ஊரும் இல்லை, பிள்ளையும் இல்லை, விழுங்கு என்ற ஒரு சொல். விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுபடியும் ஏறப் பார்த்தது, மறுபடியும் விழுங்கினேன். லிஃப்ட் நின்றது. இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருவிரலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். தியேட்டர் வாசலில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே குளிர். குளிரில் குமட்டல் கொஞ்சம் தணிந்தது. வட்ட வட்டமான விளக்கு, பச்சைத் துணி, யாரோ நெஞ்சில் ஒட்டுகிறார்கள், யாரோ பெயர் கேட்கிறார்கள். பெரிய டாக்டர் தலைமாட்டிலிருந்து குனிந்தார், தலைகீழாகத் தெரிந்தார், நரைத்த புருவம். நான் பேசவில்லை, இடது கையைத் தூக்கிக் காட்டினேன். பிளட் பிரஷர் பட்டை கட்ட வந்த பெண் கையை இறக்கினாள், மறுபடியும் தூக்கினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். மெதுவாகப் படித்தார், மணிக்கட்டில் இருந்ததையும் திருப்பிப் படித்தார். ரெஹானா ஷீட்டில் எழுதியிருக்கிறார், காலையில் போனிலும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்றார். எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த கேள்வி கேட்டுவிட்டார்.

"மாத்திரை வெளிய வந்துச்சா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம். வந்தது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, இன்னொரு நாள், இன்னொரு லிஃப்ட், இன்னொரு மணி நேரம், என்னால் முடியாது. வரவில்லை என்றால், உள்ளே இருக்கிறது என்று நம்பி வேறு எதையாவது குறைத்துவிட்டால். "தொண்டை வரைக்கும் வந்துச்சு" என்று குழறினேன். "முழுங்கிட்டேன்."

அவர் எத்தனை மணிக்கு என்று கேட்டார், லிஃப்டில் என்றேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, பெரும்பாலும் இறங்கியிருக்கும், அதை நம்பாமல் கூட இன்னொரு மருந்தும் சேர்த்துக்கொள்வோம், தூங்கின பிறகு வயிற்றில் இருப்பதைக் குழாயால் எடுத்துவிடுவோம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, என் நெற்றியில் கையை வைத்தார். "உங்க வேலைய நீங்க முடிச்சிட்டீங்கம்மா. இனி எங்க வேலை." பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து குழாயில் இறங்கி வந்தது. கை எரிந்தது. எரிச்சல் தோளுக்கு வருவதற்குள்

யாரோ என் பெயரைச் சொல்கிறார்கள். கண்ணைத் திறங்க. முதலில் நினைவு வந்தது பெயர் இல்லை, இடம் இல்லை, அது வருகிறதா என்பதுதான். அசையாமல் கிடந்து கேட்டேன், அடுத்த அறையில் திருடன் இருக்கிறானா என்று காது கொடுப்பது போல. நாக்கால் தொட்டுப் பார்த்தேன், பல்லின் உள்பக்கம் சுவர், மேலும் கீழும் ஒன்றாகி ஒரே சுவர். பூட்டிவிட்டார்கள். மூச்சு மூக்கில்தான், ஒரு துளை அடைத்திருக்கிறது. இப்போது வந்தால். இப்போது வந்தால். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். இவர் குரல் கேட்டது. இவர் கையில் ஒரு சின்ன கட்டிங் பிளேயர், ஆஸ்பத்திரியில் கொடுத்தது. வாந்தி வந்தால் எந்தெந்தக் கம்பியை வெட்டி வாயைத் திறக்க வேண்டும் என்று சிஸ்டர் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறார், நாங்கள் ஓடி வருவதற்குள் நீங்கள் வெட்டிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவர் அதை நாலு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டியிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, கண் திறக்கும்போதெல்லாம் அந்தப் பிளேயர் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, அதைப் பிடித்திருந்த விரல் வெளுத்திருந்தது. பதினோரு மணி. பன்னிரண்டு. பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்து வந்த பெண் வாந்தி எடுத்தாள், அந்தச் சத்தம் கேட்டதும் என் வயிறு எழுந்து நின்றது. எச்சில். மூக்கில் வேகமாக மூச்சு. இவர் கையை ஆட்டிச் சிஸ்டரைக் கூப்பிட்டார், ஊசி ஒன்று ஓடுகிற தண்ணியில் சேர்ந்தது, இவர் பிளேயரைப் பல்லுக்கு அருகே கொண்டுவந்துவிட்டார், இரும்பு உதட்டில் சில்லென்று பட்டது. காத்திருந்தோம். நான் கூரையில் ஒரு விரிசலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஏறியது, நெஞ்சுக்குக் கீழே நின்றது, அங்கேயே நின்றது, யோசிப்பது போல. அப்புறம் இறங்கியது. மறுபடியும் வரும் என்று கிடந்தேன். இரண்டு மணி, மூன்று மணி, வரும், இதோ, இப்போது வரும். வலி வந்தது, தாகம் வந்தது, தூக்கம் வந்து வந்து போனது, அது வரவில்லை. வெளியே வெயில் சாய்ந்து சுவரில் ஜன்னல் கம்பியின் நிழல் நீளமாக விழுந்தபோது வயிற்றில் ஏதோ ஒன்று அசைந்தது. பயந்து கையை வயிற்றில் வைத்தேன். இவர் ஸ்டூல் விழ எழுந்தார், பிளேயரைத் தூக்கினார், "சிஸ்டர்" என்று கத்தினார். சிஸ்டர் ஓடி வந்தார். வருதா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். வலிக்குதா. அதுவும் இல்லை. எனக்கே அது என்னவென்று தெரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. ஐந்து விரலையும் குவித்துக் கட்டின வாய்க்கு நேரே கொண்டுபோனேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். மறுபடியும் குவித்துக் காட்டினேன்.

"பசிக்குதா கனி?" என்று இவர் கேட்டார். ஆமாம் என்று ஆட்டினேன். நம்பாமல் மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஆட்டினேன். சிஸ்டர் இளநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்து அந்தப் பிளேயரை விரல் விரலாகப் பிரித்து வாங்கினார்.